இணையவழிக் கடையும் முன்சோதனையும்



க. பொ. த. சாதாரண தரப் பரீட்சை தொடங்குவதற்கு முதல்நாள் மாலையில், பட்டியலும் கையுமாகப் பரீட்சை மண்டபத்தைச் சுற்றி வருவது பல ஆண்டுகளாக எனது வழக்கம். மேசைகள் எத்தனை, கதிரைகள் எத்தனை, சுட்டெண்கள் ஒட்டப்பட்டுள்ளனவா, மின்விளக்குகள் எரிகின்றனவா, குடிநீர் உண்டா, சுவரில் மணிக்கூடு உண்டா என ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரியடையாளம் இடுவேன். ஓராண்டு எல்லாவற்றிற்கும் சரியடையாளம் இட்டுவிட்டு நிம்மதியாக வீடு சென்றேன். மறுநாள் பரீட்சை தொடங்கிச் சிறிது நேரம் சென்ற பின்னரே, சுவர் மணிக்கூடு ஓடவில்லை என்பதைக் கண்டு ஒரு மாணவி எழுந்து நின்றாள். மணிக்கூடு சுவரில் இருந்தது உண்மை. அது உண்டா என்றுதான் என் பட்டியல் கேட்டது. ஓடுகிறதா என்று கேட்கவில்லை. பட்டியல் கேட்காததை நானும் கேட்கவில்லை.

இச்சிறு நிகழ்ச்சி என் மனத்தில் மீண்டும் எழுந்தது, கொழும்பிலே இணையவழிக் கடைகளைப் பராமரிக்கும் பழைய மாணவர் ஒருவர் தமக்கு நேர்ந்த தொல்லையை என்னிடம் வந்து சொன்னபோதுதான். கலைப் பட்டதாரியாகிய எனக்குக் கணனித் தொழில் புதிது. ஆயினும் அவர் சொல்லச் சொல்ல, இஃது எனக்கு நன்கு பழக்கமான ஒரு பிழையின் புதிய வடிவமே என்பது புலனாயிற்று. பின்னர் பல நாட்கள் அவரிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் அறிந்துகொண்டவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறேன். இணையவழிக் கடையொன்றை இயக்கும் மென்பொருளுக்கு எவையெவை தேவை, அத்தேவைகள் நிறைந்துள்ளனவா என்பதை இயந்திரமே சோதிக்குமாறு செய்வது எவ்வாறு, அச்சோதனையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பனவே இப்பேச்சின் பொருள்.

இணையவழிக் கடை என்பது பார்ப்பவர் கண்ணுக்கு ஒரு பக்கம். சேலையின் படம், விலை, 'கூடையில் இடுக' என்றொரு பொத்தான், அவ்வளவே. ஆனால் அப்பக்கத்தின் பின்னால் ஒன்றன்மேலொன்றாகப் பல மென்பொருள்கள் அடுக்கப்பட்டுள்ளன. உதாரணத்திற்கு மஜென்ரோ என்பதை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் வேரியன் என்ற நிறுவனம் 2008ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெளியிட்ட கடை மென்பொருள் அது. 2018இல் அடோபி நிறுவனம் அதனை 168 கோடி டொலருக்கு வாங்கியது. பெரிய வணிக நிலையங்களும் பயன்படுத்துகின்றன. விலையின்றிக் கிடைக்கும் பதிப்பும் உண்டாதலின் சிறு வணிகர்களும் பயன்படுத்துகின்றனர்.

இம்மென்பொருள் பீ.எச்.பீ. என்ற கணனி மொழியில் எழுதப்பட்டது. ராஸ்மஸ் லேர்டோர்ஃப் என்பவர் 1995இல் வெளியிட்ட மொழி அது. ஆகவே கடையை ஏற்றிருக்கும் சேவையகக் கணனியில் முதலாவதாகப் பீ.எச்.பீ. இருத்தல் வேண்டும். அதற்குத் துணையாக நீட்சிகள் எனப்படும் சிறு மென்பொருள்கள் பல வேண்டும். பொருட்களின் படங்களைச் சிறிதாக்க ஒன்று; நாணயங்களையும் திகதிகளையும் அவ்வந்நாட்டு முறையில் எழுத ஒன்று; வங்கியின் கணனியோடு பேச ஒன்று; அப்பேச்சைப் பிறர் ஒட்டுக்கேளாதபடி மறைக்க ஒன்று. பணக்கணக்கைப் பிசகின்றிப் போடவும் தனியாக ஒரு நீட்சி உண்டு. கணனிக்குமா கணக்குப் பிசகும் என்று நீங்கள் வியக்கலாம். பத்தில் ஒன்றையும் பத்தில் இரண்டையும் கூட்டச் சொன்னால், கணனியின் வழக்கமான தசமக் கணக்கு முறை பத்தில் மூன்றை மிகச் சரியாகத் தருவதில்லை. நெடுந்தொலைவில் ஓர் இலக்கம் மிகுந்து நிற்கும். சதக்கணக்குப் பார்க்கும் வணிகருக்கு அந்த மிகுதி ஆகாது.

இவற்றோடு முடிந்ததா? பொருட்களையும் கட்டளைகளையும் பதிந்து வைக்க மை எஸ்.கியூ.எல். அல்லது மரியா டீ.பீ. என்ற தரவுத்தளம் வேண்டும். வாடிக்கையாளர் 'நீலச் சேலை' என்று தேடினால் எடுத்துக் கொடுக்க எலாஸ்ரிக் சேர்ச் அல்லது ஓப்பின் சேர்ச் என்ற தேடற்சேவை வேண்டும். போதிய நினைவகமும் வன்தட்டில் இடமும், கோப்புகளை எழுத அனுமதியும் வேண்டும். இவையனைத்தையும் சேர்த்தே தொகுதித் தேவைகள் என்கிறார்கள்.

இத்தேவைகள் ஒருமுறை பார்த்து மறந்துவிடக்கூடியவை அல்ல. மென்பொருள் பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது. அதன் தேவைகளும் மாறுகின்றன. 2020ஆம் ஆண்டு ஜூலை வரை மஜென்ரோக் கடைகளிலே தேடும் வேலையைத் தரவுத்தளமே செய்ய முடிந்தது. அம்மாதத்தில் வந்த 2.4.0 என்ற பதிப்பு அவ்வழியை அடைத்துவிட்டது. தனித் தேடற்சேவை கட்டாயமாயிற்று. பீ.எச்.பீ. மொழியின் 7.4 என்ற பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றன. 2023 மார்ச்சில் வந்த மஜென்ரோ 2.4.6 அப்பதிப்பின்மேல் இயங்க மறுத்துவிட்டது.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். புதியது எதுவோ அதுவே நல்லது என்று நினைப்பவர் பலர். இத்துறையில் அஃது பொருந்தாது. 2.4.6 ஏற்றுக்கொள்வது 8.1, 8.2 என்ற இரு வரிசைகளை மட்டுமே. 7.4 குறைவு என்று தள்ளுவது போலவே, பின்னர் வந்த 8.3ஐ அறியாதது என்று தள்ளும். போதாமையும் குற்றம், மிகுதியும் குற்றம்.

இவ்வளவையும் மனிதர் ஒருவர் ஒவ்வொரு முறையும் கையாற் சோதித்து முடிக்க இயலுமா? முதன்முறை செய்வார், இரண்டாம் முறையும் செய்வார். மூன்றாம் முறை, நேரம் நள்ளிரவாயிருக்கும்போது, 'சென்ற தடவை சரியாகத்தானே இருந்தது' என்று கடந்து செல்வார். இயந்திரத்திற்கு இந்தச் சலிப்பு இல்லை. சோதனையை இயந்திரத்திடம் ஒப்படைப்பதன் பெரும்பயன் வேகம் அன்று; சலியாமையே.

இக்கருத்து மிகப் புதியதுமன்று. 1991இல் டேவிட் மக்கென்சி என்பவர் ஓட்டோகொன்ஃப் என்ற கருவியை உருவாக்கத் தொடங்கினார். ஒரு மென்பொருளை நிறுவுவதற்கு முன், அக்கணனியில் என்னென்ன வசதிகள் உள்ளன என்று ஆராயும் சோதனை நிரலை அக்கருவி ஆக்கித் தரும். அச்சோதனையின் சிறப்பு அது கேட்கும் முறையில் இருக்கிறது. 'உன் பெயர் என்ன, உன் பதிப்பு எண் என்ன' என்று கணனியைக் கேட்டு அதன் சொல்லை நம்பி அது விட்டுவிடுவதில்லை. மிகச் சிறிய செய்நிரல் ஒன்றைத் தானே எழுதி, அதனை அங்கே ஆக்கிப் பார்க்கும். ஆகிவிட்டதாயின் அவ்வசதி உண்டு; இல்லையாயின் இல்லை. மணிக்கூடு சுவரில் இருக்கிறதா என்று பாராமல், முள் நகர்கிறதா என்று ஒரு நிமிடம் நின்று பார்ப்பது போன்றது இது.

மஜென்ரோவிலே 2.3 வரையான பதிப்புகளில், கடையை நிறுவுவோருக்குத் திரையில் ஆயத்தச் சோதனைப் பக்கம் ஒன்று தோன்றும். பொத்தானை அழுத்தினால் பீ.எச்.பீ. பதிப்பு, நீட்சிகள், கோப்பு அனுமதிகள் என்பவற்றைச் சோதித்துச் சரி பிழை காட்டும். 2.4.0இல் அப்பக்கமும் நீக்கப்பட்டது. இன்று அவ்வேலையில் ஒரு பெரும்பகுதியைச் செய்வது கொம்போசர் என்ற கருவி. 2012இல் வெளிவந்த இக்கருவி, மென்பொருளோடு சேர்ந்தே வரும் ஒரு கோப்பைப் படிக்கும். 'எனக்கு இந்தப் பீ.எச்.பீ. வரிசை வேண்டும், இன்னின்ன நீட்சிகள் வேண்டும்' என மென்பொருளை எழுதியவர்களே அக்கோப்பில் எழுதிவைத்துள்ளனர். கொம்போசருக்கு ஒரு கட்டளை கொடுத்தால், கணனியில் உள்ளவற்றை அக்கோப்போடு ஒப்பிட்டு, குறையிருந்தால் பூச்சியம் அல்லாத ஓர் எண்ணை விடையாகத் தரும். பூச்சியம் வந்தால் அடுத்த படிக்குச் செல்க, வேறு எண் வந்தால் அங்கேயே நில் என்று புதுப்பிக்கும் பணியை ஒழுங்குசெய்து வைத்துவிடலாம். தேவைப்பட்டியலை நாம் தனியே எழுதிவைத்தால் அது நாளடைவில் பழையதாகிவிடும். மென்பொருளோடு வரும் பட்டியலோ பதிப்பு மாறும்போது தானும் மாறும்.

இனி என் மாணவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். 2023ஆம் ஆண்டு தீபாவளிக்கு ஏறத்தாழ இரு வாரங்கள் இருக்கையில், கைத்தறிச் சேலை விற்கும் ஒரு சிறு கடையின் மஜென்ரோவை அவர் 2.4.6க்குப் புதுப்பித்தார். கடையின் உரிமையாளர் ஒரு பெண்மணி. கடல் கடந்து வாழும் நம்மவர்களே அவருக்குப் பெரும்பாலும் வாடிக்கையாளர்கள். பண்டிகைக்கு முன் பொதிகள் சென்றடைய வேண்டுமாயின் அந்த இரண்டொரு நாட்களுக்குள் கட்டளைகள் வந்தாக வேண்டும். என் மாணவர் பொறுப்பற்றவர் அல்லர். கொம்போசரின் சோதனையை முதலில் நடத்தினார். எல்லாம் சரி என்றது. புதுப்பித்தார். கடையின் முகப்பைத் திறந்து பார்த்தார், அழகாகத் தோன்றியது. உறங்கச் சென்றார்.

காலையில் உரிமையாளர் தொலைபேசியில் அழைத்தார். இரவு முழுவதும் ஒரு கட்டளையேனும் வரவில்லை. சேலைகளைப் பார்க்க முடிகிறது. கூடையில் இட முற்பட்டால், கடை இருந்த இடத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் வருகிறது. 'எனக்கு 8.1க்குக் குறையாத பீ.எச்.பீ. வேண்டும், இங்கே இருப்பது 7.4' என்பதே அவ்வரியின் பொருள்.

சோதனை பொய் சொன்னதா? இல்லை. அக்கணனியில் இரண்டு பீ.எச்.பீ.க்கள் இருந்தன. பராமரிப்பவர் கட்டளைகளைத் தட்டும்போது இயங்குவது ஒன்று. வாடிக்கையாளர் பக்கத்தைத் திறக்கும்போது இயங்குவது மற்றொன்று. முன்னையது 8.1; பின்னையது 7.4. சோதனை முன்னையதைக் கேட்டது. அதுவும் உண்மையையே விடையளித்தது. முகப்பு நன்றாகத் தோன்றியதற்குக் காரணம் வேறு. பக்கங்களை விரைவாகத் தருவதற்காக, முன்னர் ஆக்கிய பக்கங்களின் நகல்களைச் சேர்த்து வைத்துக் கொடுக்கும் வார்னிஷ் என்றொரு மென்பொருள் முன்னால் நின்றது. அது பழைய நகலை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. கூடைப் பக்கம் ஆளுக்கு ஆள் வேறாதலின் அதற்கு நகல் வைப்பதில்லை. அங்கேதான் குட்டு வெளிப்பட்டது. கண்ணாடிப் பெட்டியில் சேலைகள் விரித்திருக்க, காசு வாங்கும் மேசையில் ஆளில்லாத கடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிழையைத் திருத்த அவருக்குச் சில நிமிடங்களே பிடித்தன. அந்த ஓர் இரவு போனது போனதுதான். வந்து திரும்பிய வாடிக்கையாளர் யார் யார் என்பதை அறிய வழியில்லை.

இதிலிருந்து அவர் கற்றுக்கொண்டவற்றுள் முதலாவது, சோதனையை எங்கே நின்று நடத்துகிறோம் என்பது என்ன சோதிக்கிறோம் என்பதைப் போலவே முக்கியம் என்பது. வாடிக்கையாளர் வரும் வழியாலேயே சோதனையும் வரவேண்டும். நினைவகத்திலும் இதே வேறுபாடு உண்டு. பீ.எச்.பீ. இயல்பாகத் தனக்கு வைத்துக்கொள்ளும் எல்லை 128 மெகாபைற். பல சேவையகங்களிலே கட்டளைவழிப் பீ.எச்.பீ.க்கு இவ்வெல்லை நீக்கப்பட்டிருக்கும். வலைவழிக்கோ அப்படியே இருக்கும். ஒரு வழியிற் சோதித்துவிட்டு மறுவழியில் வருவோரை நம்பி உள்ளே விடுவது எவ்வளவு பேதைமை!

வலைவழிச் சோதனைக்கென எழுதும் பக்கத்தை வேலை முடிந்ததும் அகற்றிவிட வேண்டும், அல்லது பூட்டிவைக்க வேண்டும். கணனியில் எந்தப் பதிப்பு இருக்கிறது, எது பழையது என்பதை அப்பக்கம் நமக்குச் சொல்வது போலவே கள்வருக்கும் சொல்லும். அதைத் திறந்தபடி விட்டுச் செல்வோர் பலர் என்று அறிந்து நான் திகைத்தேன்.

இரண்டாவதாக, கொம்போசர் அறிந்தது பீ.எச்.பீ.யையும் அதன் நீட்சிகளையும் அவை சார்ந்த சிலவற்றையும் மட்டுமே. தரவுத்தளம் விழித்திருக்கிறதா, தேடற்சேவை பதில் தருகிறதா, வன்தட்டில் இடம் உண்டா என்பன அதன் எல்லைக்குப் புறம்பானவை. அவற்றிற்கு நாமே சில வரிகளில் ஒரு செய்நிரல் எழுதவேண்டும். எழுதும்போது ஓட்டோகொன்ஃப் காட்டிய வழியே சிறந்தது. கோப்பகத்தின் அனுமதி எண்களைப் படிப்பதைவிட, அங்கே ஒரு கோப்பை எழுதிப் பார்த்து அழித்துவிடுவது மேல். தேடற்சேவை நிறுவப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதைவிட, அதனிடம் ஒரு சொல்லைத் தேடக் கொடுத்து விடையை எதிர்பார்ப்பது மேல்.

பதிப்பு எண்களை ஒப்பிடுவதில் ஒரு வேடிக்கையான பொறி இருக்கிறது. மரியா டீ.பீ.யின் 10.11 பெரியதா, 10.6 பெரியதா? எங்கள் பாடசாலையில் தசமம் படித்த எந்தப் பிள்ளையும் 10.6தான் பெரியது என்று சொல்லும்; சரியாகச் சொன்னதற்குப் புள்ளியும் பெறும். ஆனால் இவை தசம எண்கள் அல்ல; பத்தாம் வரிசையில் ஆறாவது, பத்தாம் வரிசையில் பதினோராவது என்று படிக்கவேண்டியவை. எழுத்தெழுத்தாக ஒப்பிட்டாலும் பிழைக்கும்; எண்ணாக ஒப்பிட்டாலும் பிழைக்கும். பீ.எச்.பீ.யில் இதற்கெனத் தனி ஒப்பீட்டு வினையே அமைத்திருக்கிறார்கள். போதாததற்கு, மரியா டீ.பீ.யின் பத்தாம் வரிசைச் சேவையகங்கள் தொடர்புகொள்ளும்போது தம் எண்ணுக்கு முன்னே 5.5.5 என்று ஒட்டிக்கொண்டு அறிமுகம் செய்யும். பழைய மென்பொருள்கள் பத்து என்ற எண்ணைக் கண்டு தடுமாறக்கூடாது என்பதற்காக ஏற்பட்ட உபாயம் அது. அந்த அறிமுகத்தை மட்டும் படிக்கும் செய்நிரல், தரவுத்தளம் மிகப் பழையது என்று முடிவுகட்டிவிடும்.

சோதனையை மீறும் வழியும் கருவியிலேயே இருக்கிறது. கொம்போசருக்குக் கட்டளையிடும்போது, 'தொகுதித் தேவைகளைப் பொருட்படுத்தாதே' என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் அது வாய்மூடிக்கொள்ளும். மென்பொருள் ஆக்குவோர் தம் மேசைக் கணனியில், அது கடைக் கணனியினின்றும் வேறாயிருக்கும்போது, அதைப் பயன்படுத்துவதில் நியாயம் உண்டு. விற்பனை நடக்கும் கணனியில் அதை இடுவது, மண்டபத்துக்குள் கால் வையாமலே பட்டியலில் கையொப்பமிடுவதற்கு ஒப்பாகும். அவசரத்தில் ஒருவர் ஒருமுறை அச்சொல்லைச் சேர்ப்பார். அந்தக் கட்டளை ஒரு கோப்பில் படிந்துவிடும். பின்னர் வருவோர் அது எதற்காக அங்கே இருக்கிறது என்று அறியாமலே ஆண்டாண்டாகப் பயன்படுத்துவர். 2020 ஒக்ரோபரில் வந்த கொம்போசர் 2, கடை ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் தானே ஒருமுறை பார்க்கும் ஏற்பாட்டைச் சேர்த்தது. என் மாணவர் கண்ட அந்த ஆங்கில வரி அதன் குரலே. அந்தக் குரலும் இயல்பு நிலையில் பீ.எச்.பீ.யின் பதிப்பைப் பற்றி மட்டுமே பேசும்; நீட்சிகளையும் பார்க்கவேண்டுமாயின் நாம் தனியே சொல்லிவைக்க வேண்டும்.

மறுபுறத்தில் மிகையான சோதனையும் தீங்குதான். நூறு எச்சரிக்கைகளை நாள்தோறும் அனுப்பும் சோதனையை ஒருவரும் படிப்பதில்லை. வன்தட்டில் மூன்றிலொரு பங்கு இடம் உண்டு என்பது செய்தி. நூற்றுக்கு இரண்டு பங்கே உண்டு என்பது நிறுத்தவேண்டிய காரணம். இரண்டையும் ஒரே குரலிற் சொல்லக்கூடாது. நிறுத்தும்போது, என்ன வேண்டியிருந்தது, என்ன காணப்பட்டது, எங்கே காணப்பட்டது என்ற மூன்றையும் சொல்லவேண்டும். 'பிழை' என்று மட்டும் சொல்லி நின்றுவிடும் சோதனை, விடைத்தாளில் சிவப்புக் கோடு கிழித்துவிட்டுக் காரணம் எழுதாத ஆசிரியரைப் போன்றது. நான் இளமையில் அப்படியொருவரிடம் அட்சரகணிதம் கற்றேன். இன்றுவரை அட்சரகணிதம் வரவில்லை.

சோதனை எப்போது நடக்கவேண்டும்? புதுப்பிக்குமுன் என்பது யாவர்க்கும் தோன்றும் விடை. என் மாணவர் இப்போது ஒவ்வோர் இரவும் நடத்துகிறார். நாம் ஒன்றும் மாற்றாதபோதும், கணனியை வாடகைக்குக் கொடுத்திருக்கும் நிறுவனம் ஒரு நள்ளிரவில் பீ.எச்.பீ.யை மாற்றிவிடக்கூடும். வன்தட்டு தானாகவே நிறைந்துவரும். கடையின் இயல்பான பதிவேடுகளே அதை நிறைத்துவிடும்.

சென்ற மாதம் அவர் மீண்டும் என் வீட்டுக்கு வந்திருந்தார். அதே சேலைக்கடையை மேலும் ஒரு பதிப்பு உயர்த்தத் தொடங்கியபோது பணி பாதியில் நின்றதாம். தம் கைத்தொலைபேசியை எடுத்து, வந்த செய்தியைக் காட்டினார். கடை உரிமையாளருக்கும் விளங்கவேண்டும் என்பதற்காக அதைத் தமிழிலேயே எழுதும்படி செய்திருக்கிறார். 'தேடற்சேவைக்கு ஒரு சொல் அனுப்பப்பட்டது. பத்து விநாடிகள் காத்தும் பதில் வரவில்லை. புதுப்பிப்பு நிறுத்தப்பட்டது. கடை பழைய பதிப்பில் இயங்குகிறது. கூடைப் பக்கம் வலைவழியாகப் பார்க்கப்பட்டது. சரி' என்றிருந்தது அதில்.